லேசாகக் கடித்தவள்

எனக்கு எழுபத்திநாலு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டும் என் அடுப்பில் சாப்பிட்டுத்தான் ஆளானார்கள். ஆறில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் நிமிர்ந்து சொல்வேன். எழுத்துக் கூட்டத் தெரியும். பஸ் போர்டு வாசிப்பேன், மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பேன், அதற்கு மேல் கை ஓடாது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது, ஆனால் ஆட்கள் பேசுகிற இடத்தில் அவரவர் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

சொல்லப்போவது என் நாத்தனாரைப் பற்றி. கூடப்பிறந்த நாத்தனார் இல்லை, என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகள். பேர் வேண்டாம். பேரைச் சொல்லிக் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாலே, "மெதுவா கூப்பிடுங்க மதினி, இங்கனதான இருக்கேன்" என்பாள். அவளைப் பேர் போட்டு எழுதினால் எங்கே இருந்தாலும் கூசிப்போவாள்.

சூலக்கரையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் வீட்டில் பாத்திரம் விளக்கினால் தெருமுக்கு வரைக்கும் தெரியும். நான் விருதுநகரில் வத்தல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளினவள். அங்கே லாரி உறுமும், மூட்டை விழும், ஒருத்தி தும்ம ஆரம்பித்தால் வரிசையாக எல்லோரும் தும்முவோம். கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கும். அந்தத் தொண்டை எனக்கு அப்படியே நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள். வீட்டில் இருக்கிறாளா, வெளியே போய்விட்டாளா என்று முக்கால்வாசி நாள் எனக்குத் தெரியாது.

அவள் பயராபீஸ்காரி. பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கத்தில் பயராபீஸ் என்றுதான் சொல்லுவோம். விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி வேன் வரும், ஏறிப் போவாள். மருந்து செலுத்துகிற ரூமில் வேலை. வெடிக்கான மருந்தைக் குழாயில் நிரப்புவது. காலில் செருப்புக் கூடாது, கையில் இரும்பு பித்தளை கூடாது. போர்மேன் சொல்லிக்கொடுத்த பாடம் ஒரே சொல்தான். லேசா. "லேசா அள்ளும்மா. லேசா கொட்டு. தட்ட லேசா வை." உரசினால் போச்சு, ஓங்கித் தட்டினால் போச்சு. அந்த ரூமில் அத்தனை வருஷம் அவள் இருந்த வரைக்கும் ஒரு பொறி பறந்ததில்லை. புதிதாக வருகிற பெண்களிடம், "அந்தக்கா கையப் பாருங்க, அதுதான் கை" என்று போர்மேன் சொல்வாராம். இதை அவள் சொல்லி நான் கேட்கவில்லை, அவளோடு வேனில் போகிறவள் சொன்னாள்.

மற்ற பெண்கள் வேனை விட்டு இறங்கும்போது அந்த வேலையையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். தெருவில் சிரிப்பும் சண்டையுமாக வருவார்கள். இவள் மட்டும் அதை வீட்டுக்கும் கொண்டு வந்தாள். கொதிக்கிற உலையை இறக்கி வைப்பாள், ணங்கென்று ஒரு சத்தம் வராது. கதவைச் சாத்தினால் சாத்தினது தெரியாது. தூங்குகிற பிள்ளையை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாற்றுவாள், பிள்ளைக்கு இமைகூட ஆடாது. என் பேரப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அவள் மடிதான். நான் தட்டிக்கொடுத்தால் தூங்குகிற பிள்ளையும் எழுந்துவிடும்.

அம்மியில் அரைப்பதற்கு மட்டும் அந்தக் கை ஆகாது. குழவியை அழுத்தவே மாட்டாள், தடவித் தடவி எடுப்பாள். அவள் வீட்டுக்காரர் லோடு லாரி ஓட்டினவர், வாய்க்கொழுப்புக்காரர். ஒருநாள் துவையலோடு தட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இத நீங்களே பாருங்க. இது தேங்காத் துவையலா, இல்ல தேங்காயத் துவையலுக்குப் பக்கத்துல வச்சிருக்காளா?"

அவள் பின்னாலேயே வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கும் சத்தம் கிடையாது. தோள்பட்டை மட்டும் குலுங்கும்.

கைக்கு வந்தது வாய்க்கும் வந்துவிட்டது. எதைச் சொன்னாலும் லேசாதான். குழம்பில் உப்பே போட்டிருக்க மாட்டாள், "உப்பு லேசா கம்மியா மதினி?" என்று கேட்பாள். ஆடிக் காற்றில் அவள் வீட்டுத் தகரம் பெயர்ந்து நடுத்தெருவில் கிடந்தது. ஓடிப்போய் என்ன புள்ள என்றால், "லேசா காத்தடிச்சிருச்சு மதினி" என்றாள். தலைக்கு மேலே வானம் தெரிகிறது.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. அவள் மகளைப் பெற்ற கதையைச் சொன்னால்தான் விளங்கும். நான் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, லேசா இடுப்பு வலிக்கு. நீங்க சாப்ட்டுட்டு மெதுவா வாங்க."

லேசா என்றாளே என்று நானும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன், மோர் ஊற்றிச் சாப்பிட்டேன், கையைக் கழுவிவிட்டுப் போனேன். போனால் பிள்ளை பாதி வந்துவிட்டது. ஆட்டோவுக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. இந்தக் கையால்தான் வாங்கினேன்.

"ஏட்டி, இதுதான் ஒனக்கு லேசாவா?" என்று நான் கத்துகிறேன். உதடெல்லாம் கடித்து ரத்தம். அந்த நிலையில் என்னைப் பார்த்து அவள் கேட்கிறாள்:

"மோர் ஊத்திச் சாப்ட்டீகளா மதினி?"

அன்றிலிருந்து அவள் வலி என்று எதையாவது லேசா என்றால் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் செருப்பைத் தேடுவேன்.

அவள் வீட்டுக்காரர் லோடு ஏற்றிப்போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதே லாரியில்தான் கொண்டு வந்தார்கள். மாரடித்தது நாங்கள், ஒப்பாரி வைத்தது நாங்கள். அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் ஒரு மாதிரிப் பேசினார்கள். "கட்டுனவன் கெடக்கான், கண்ணுல தண்ணியக் காணுமே" என்று ஒருத்தி சொன்னாள். அவளை நான் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம், பேத்தி எழுத மாட்டாள்.

அதற்கப்புறம் கொஞ்ச காலத்தில் என் வீட்டில் எலித் தொல்லை ஆரம்பித்தது. சுவரோரமாகப் படுத்தால் நறநறவென்று எதையோ அரைக்கிற சத்தம். விளக்கைப் போட்டால் ஒன்றும் இருக்காது. பொறி வைத்துப் பார்த்தேன், தேங்காய்ச் சில் காய்ந்ததுதான் மிச்சம். "ஒன் வீட்லயும் எலி இருக்கா புள்ள?" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே மதினி" என்றாள். பாவம், அலுத்துப்போய் வருகிறவள், படுத்ததும் தூங்கிவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

இனிமேல் பல்லுக்கு வருகிறேன்.

அவளுக்கு இடது பக்கத்துக் கடைவாய்ப் பல்லெல்லாம் முன்னமே போய்விட்டது. சொத்தை, வீக்கம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டார்கள். வலது பக்கம் கீழே ஒரு பல்தான் மெல்லுவதற்கு மிச்சம். அதிலும் குழி விழுந்தது. இந்தத் தடவை காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து, "பிடுங்க வேணாம்மா" என்று விருதுநகரில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். வேரைச் சுத்தம் பண்ணி அடைத்து, மேலே கேப் போட்டால் பல் நிற்கும் என்று சொன்னார்கள்.

கேப் என்றால் எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் துப்பாக்கியில் போட்டுச் சுடுகிற பொட்டுவெடி. ஊரே அதைச் செய்கிற ஊர். இவள் வேனில் போகும்போது, "பல்லுக்கு கேப் போடணுமாம்" என்று சொல்லியிருக்கிறாள். விடுவார்களா?

"வாயில கேப்பப் போட்டுட்டு என் பக்கம் திரும்பிக் கொட்டாவி விட்றாத தாயி" என்றாளாம் ஒருத்தி.

"ஒத்தக் கேப்பா, சுருள் கேப்பா?" என்றாளாம் இன்னொருத்தி.

டிரைவர் தன் பங்குக்கு, "அவுகள ஜன்னலோரமா உக்கார வைங்கப்பா, லைசென்ஸ் இல்லாம சரக்கு ஏத்தக் கூடாது" என்றானாம்.

இதைச் சொல்லிச் சொல்லித் தோள்பட்டை குலுங்கினாள். அந்தப் பல்லில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஏனென்றால் அவள் சின்னப்பிள்ளையில் கஞ்சி குடித்தே வளர்ந்தவள். அவள் அம்மாவும் அப்பாவும் காட்டு வேலைக்குப் போனவர்கள். காலையில் கஞ்சி, சாயங்காலம் கஞ்சி, அதுவும் இருந்தால். பயராபீஸில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கின அன்றைக்கு, இனிமேல் என் வீட்டில் கஞ்சி காய்ச்ச மாட்டேன் என்று முடிவு பண்ணினவள். காய்ச்சலில் படுத்தால்கூட இட்லிதான். மென்று தின்ன வேண்டும் அவளுக்கு. அந்த ஒரு பல்லும் போனால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் வேண்டாம்.

கேப் போட்டு வந்தாள். பல் நிறத்திலேயே இருந்தது, நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள். கொஞ்ச நாள் போனது. ஒருநாள் வெங்காயம் கடன் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது.

நான் கரண்டியை விட்டுக் கிண்டியே பார்த்தேன்.

"என்ன புள்ள இது?"

"கஞ்சி மதினி."

"கஞ்சின்னு தெரியுது. ஒன் வீட்டு அடுப்புல அது என்ன பண்ணுது?"

"வயித்துக்கு லேசா..."

"வயித்துக்கா, வாய்க்கா?"

குனிந்து அடுப்பைத் தணித்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. இத்தனை நாள் எப்படி இதைப் பார்க்காமல் விட்டேன் என்று எனக்கே ஆத்திரம்.

"கேப் போட்ட பல்லுதான். மேப்பல்லு வந்து படும்போது லேசா ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

"டாக்டர்ட்ட போகலையா?"

"போனேனே. ரெண்டு மட்டம் போய்ட்டு வந்தேன். வலிக்கான்னு கேட்டாக. லேசான்னேன். ஒரு நீலத் தாள வாயில வச்சுக் கடிக்கச் சொன்னாக. கடிச்சேன். தாள எடுத்துப் பாத்துட்டு, கடி சரியாத்தான் இருக்கு, புதுசுக்கு அப்படித்தான் இருக்கும், பழகிரும்னு மாத்திரை குடுத்தாக."

"பழகுச்சா?"

"லேசா பழகிருக்கு."

கிராம்பு வைத்திருக்கிறாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்திருக்கிறாள், வலிக்கிற பக்கத்துக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். வேனில் யாருக்கும் தெரியாது. மகளுக்குத் தெரியாது. ஒரே சுவர், எனக்குத் தெரியாது.

நான் வெங்காயத்தை அங்கேயே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

விருதுநகரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி. சின்ன வயசு டாக்டரம்மா, என் மூத்த பேத்தி வயதுதான் இருக்கும். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. பொறுமையான பிள்ளை. என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள், எனக்குக் காது சரியாகக் கேட்காது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். என் காதுக்கு என்ன, நன்றாகத்தான் கேட்கும்.

நாத்தனார் அந்தச் சாய்வு நாற்காலியில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கிடந்தாள். டாக்டரம்மா கம்பியின் பின்பக்கத்தால் பல்லில் தட்டினாள்.

"தட்டினா வலிக்குதாம்மா?"

"லேசா."

நான் வாயைத் திறந்தேன். டாக்டரம்மா கையைக் காட்டி என்னைப் பொறுக்கச் சொன்னாள். படம் எடுத்துப் பார்த்தாள். நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னாள். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"வேர்ல ஒரு குறையும் தெரியல. கடியும் சரியாத்தான் விழுது. ஆனா திரும்பத் திரும்ப வர்றீங்க, இளைச்சும் போயிருக்கீங்க. இனிமே கேப்பக் கழட்டித்தான் பாக்கணும். உள்ள இருக்குற பல்லு ரொம்பக் கொஞ்சம்தான். கழட்டும்போது ஒடைஞ்சாலும் ஒடைஞ்சிரும். அப்படி ஆச்சுன்னா எடுக்க வேண்டியதுதான். யோசிச்சுச் சொல்லுங்க."

"எடுத்துருங்க டாக்டரம்மா" என்றாள் அவள். தண்ணீர் சிந்தினால் துடைத்துவிடலாம் என்கிற மாதிரிச் சொன்னாள். ஆனால் நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத விரல்கள் பத்தும் உள்ளே மடங்கி, நாற்காலியின் ரெக்சினைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"என்னத்த எடுக்குறது? சட்டியா பானையா எடுத்து வைக்க?" என்று நான் சத்தம் போட்டேன். "தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும். மெல்றதுக்கு இவளுக்கு இந்த ஒண்ணுதான் இருக்கு. இதும் போனா கஞ்சிதான். கஞ்சி குடிச்சு இவ இருக்க மாட்டா. இருப்பா, ஆனா இருக்க மாட்டா."

டாக்டரம்மா கோபிக்கவில்லை. "நானும் எடுக்கணும்னு சொல்லல பாட்டி. வலி எங்கருந்து வருதுன்னு எனக்குப் பிடிபடல" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "தூக்கத்துல பல்லக் கடிக்கிற பழக்கம் உண்டாம்மா? நறநறன்னு?"

"இல்லையே" என்றாள் அவள்.

"எலி!" என்றேன் நான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மாவுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற பெண் தன் காலடியைப் பார்த்தாள்.

"எலி இல்ல தாயி, இவதான்! எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவுரு. இவ வீட்டுக்காரரு போனதுலருந்து அந்தச் சத்தம் எனக்குக் கேக்குது. நான் பொறியெல்லாம் வச்சேன்!"

"எம்புட்டுச் சத்தம்?" என்று கேட்டாள் டாக்டரம்மா. படித்த பேச்சு போய் அவளுக்கும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

"ரெண்டு எலி சேந்து கதவு நிலைய அரிக்கிற மாதிரி."

டாக்டரம்மா அந்த நீலத் தாளை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள். பிறகு உறை போட்ட தன் விரலை அவள் வாய்க்குள் விட்டு, "கடிங்க" என்றாள்.

"அய்யோ, ஒங்க வெரலயா?"

"பரவால்ல, கடிங்க."

கடித்தாள். டாக்டரம்மா விரலை எடுத்துப் பார்த்தாள். உறையில் ஒரு தடம்கூட இல்லை.

"இதுதான் ஒங்க கடியா?"

"ஆமா."

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"பயராபீஸ்ல. மருந்து செலுத்துற ரூம்" என்று நான்தான் சொன்னேன்.

டாக்டரம்மா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவளும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே. பிறகு விளக்கிச் சொன்னாள். பகலில் இவள் தாளைப் பூ மாதிரி கடிக்கிறாள், அதனால் தாளில் எல்லாப் பல்லும் ஒரே மாதிரித் தெரிகிறது. ராத்திரி தன்னை அறியாமல் முழு மூச்சாகக் கடிக்கிறாள். கேப் எங்கேயோ ஒரு மயிரிழை உயர்ந்திருந்தாலும், அந்தப் பல்தான் அத்தனை அடியையும் வாங்கும். எங்கே உயர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்த இடத்தைத் தேய்த்துவிடலாம். கழற்றவே வேண்டாம். அதற்கு அவள் அழுத்திக் கடித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

புதுத் தாள் வைத்தாள். "ராத்திரி கடிக்கிற மாதிரி கடிங்கம்மா."

"ராத்திரி எப்படிக் கடிப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும் டாக்டரம்மா?"

நியாயமான கேள்விதான். திரும்பவும் கடித்தாள், பூ மாதிரி. "இன்னும் அழுத்தி." கடித்தாள். "இன்னும்." நெற்றி வேர்த்தது, தாடை மட்டும் இறுகவில்லை. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. பாதி ஆயுசு அந்த உடம்பு எதையும் அழுத்தாமல் இருந்ததால்தான் உயிரோடு இருக்கிறது. இப்போது அழுத்து என்றால் அதற்கு எப்படித் தெரியும்?

நான் கிட்டே போய் அவள் கையைப் பிடித்தேன்.

"ஏ புள்ள, இங்க பாரு. இது மருந்து ரூம் இல்ல. போர்மேன் இல்ல. ஒன் வாயி, ஒன் பல்லு. வெடிக்காது. கடி."

என்னைப் பார்த்தாள்.

"வெடிக்காது தாயி. கடி."

கண்ணை மூடினாள். கடித்தாள்.

"அய்யோ அம்மா! வலிக்கே! வலிக்கே!"

சாமான் எடுத்துக் கொடுக்கிற பெண் தட்டைக் கீழே போட்டுவிட்டாள். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை வீறிட்டது. அத்தனை வருஷத்தில் அவள் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் குரலைவிடப் பெரிய குரல்.

"எவ்வளவு வலிக்குதும்மா?"

"லே..." என்று ஆரம்பித்தாள். நான் கையைக் கிள்ளினேன்.

"நெறைய. நெறைய வலிக்கு டாக்டரம்மா. காதுக்குள்ள ஏறுது. மண்டையப் பொளக்கு. போட்ட அன்னைலருந்து வலிக்கு. சோறு திங்க முடியல. படுக்க முடியல. எனக்கு இந்தப் பல்லு வேணும், எடுத்துறாதீக."

லாரியிலிருந்து மூட்டையைச் சரித்துவிட்ட மாதிரி ஒரே மூச்சில் கொட்டினாள். கொட்டிவிட்டு, எதையோ உடைத்துவிட்டவள் மாதிரிச் சுற்றிலும் பார்த்தாள்.

டாக்டரம்மா கண்ணாடியை வைத்துக் காட்டினாள். கேப்பின் மேலே பின்னோரத்தில் ஒரு நீலப் பொட்டு, அழுத்தி வைத்த மை மாதிரி. அதைத் தேய்த்தாள். திரும்பத் தாள், திரும்பக் கடி, திரும்பத் தேய்ப்பு. ஒவ்வொரு தடவையும் "அழுத்தி" என்று நானும் டாக்டரம்மாவும் சேர்ந்து சொன்னோம். கடைசியில் பொட்டு மெலிந்து, மற்றப் பற்களில் விழுந்த தடம் அளவுக்கு வந்தது. அடிபட்ட பல், உடனே நோவு போகாது, சில நாள் இருக்கும், போகவில்லையென்றால் வந்து சொல்ல வேண்டும் என்றாள். தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து தருவதாகவும் சொன்னாள்.

"பல்லுக்கு மேல கேப்பு, கேப்புக்கு மேல உறையா?" என்று நான் கேட்டேன். நாத்தனாரின் தோள்பட்டை குலுங்கியது.

எலியைக் கண்டுபிடித்தது நான் என்று பெருமைக்குச் சொல்லவில்லை. சொன்னால்தான் என்ன?

பஸ்ஸில் திரும்பினோம். கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பு வரப்போகிறது, அப்போது கேட்டாள்:

"மதினி, ரொம்பக் கத்திட்டேனா?"

"கத்துன."

"வெளிய இருந்தவுக எல்லாம் பாத்தாகளா?"

"பாத்தாக."

"டாக்டரம்மா கோவிச்சுக்கலையே?"

"எதுக்குக் கோவிக்கா? நீ கத்துனதும் அந்தப் பிள்ளைக்கு அம்புட்டுச் சந்தோசம்."

வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அதுதான் புதிதாக இருந்திருக்கும். சத்தம் கேட்டு ஒருத்தர் பயராபீஸில் மாதிரி ஓடாமல், கிட்டே வந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கஞ்சி நின்றது, ஆனால் ஒரு ஓரத்தில் நோவு இருந்துகொண்டே இருந்தது. நான் கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தனியாகப் போனாள். திரும்பி வந்து என் வாசலில் நின்று சொன்னாள்:

"இன்னும் வலிக்குன்னு சொன்னேன் மதினி. எங்கனன்னு கேட்டாக. உள்பக்கம், நாக்குப் படுற ஓரம்னேன். கடிச்சுக் காட்டுங்கன்னாக. காட்டுனேன்."

"கத்துனியா?"

"கத்தல. வலிக்குன்னு சொன்னேன். ஒடனே பாத்துட்டாக."

அப்புறம் ஒருநாள் மத்தியானம் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து சத்தம். கறுக், முறுக். கொஞ்சம் நிற்கும், திரும்பக் கறுக், முறுக். எழுந்து போய்ப் பார்த்தேன். மடி நிறைய வறுத்த பட்டாணி. வலது கன்னம் உப்பியிருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, கண்ணை மூடி மூடி மென்றுகொண்டிருக்கிறாள்.

"என்ன புள்ள, மில்லு ஓடுது?"

வாயில் இருந்ததை நிதானமாக முழுங்கிவிட்டு, "அங்கனவரைக்குமா கேக்கு?" என்றாள்.

"தெருமுக்கு வரைக்கும் கேக்கு."

அடுத்த பட்டாணியை எடுத்தாள்.

"கேக்கட்டும் மதினி" என்றாள்.

இப்போது அவள் காரியாபட்டியில் மகள் வீட்டில் இருக்கிறாள். பஸ் மாறிப் போக என் முழங்கால் ஒத்துழைக்காது. பக்கத்து வீட்டில் வேறு குடித்தனம். நல்ல ஆட்கள்தான், டிவி மட்டும் அலறும். அவளைப் பார்த்துப் பல காலம் ஆயிற்று. பார்க்காவிட்டால் என்ன, இருக்கிறாள், மென்று தின்கிறாள், அது போதும்.

எழுதினது போதும் தாயி. எங்க, முதல்லருந்து வாசி பாப்போம். மெதுவா வாசி, எனக்கு அவசரமில்ல. ஆனா அவ கத்துற எடம் வந்ததும் கொரலக் கொறச்சிராத. அவ கத்துன மாதிரியே வாசி.